குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கும்போது விஆர் ஹெட்செட்: நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

சேகரிப்பறை

குழந்தைகள் வெளிநோயாளர் பிரிவில் ரத்தம் எடுக்கும் அறைக்கு இரண்டு விஆர் ஹெட்செட் (கண்ணை மறைத்துத் தலையில் மாட்டும் மெய்நிகர் காட்சிக் கருவி) வந்திருக்கின்றன. வரும் குழந்தைகளின் வயது 4 முதல் 15 வரை. ஒரு குழந்தைக்கு ஒதுக்க முடிவது 12 நிமிடம். எப்போது மாட்டுவது, யார் எங்கே நிற்பது, எந்தக் காட்சியைப் போடுவது, யாருக்குப் போடவே கூடாது என்று ஒரு நடைமுறைத் தாள் எழுத வேண்டும். கூடவே இன்னொரு கேள்வி: இனி மரப்பு க்ரீம் தடவுவதை நிறுத்திவிடலாமா? ஒரு மணி நேரம் காத்திருக்க வைப்பது பெற்றோருக்குச் சிரமமாக இருக்கிறது.

மயக்கவியல்_க

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. இரண்டும் வேறு வேறு இடத்தில் வேலை செய்கின்றன. க்ரீம் தோலில் இருக்கும் நரம்பு முனைகளை மரக்கச் செய்து, வலிச் செய்தி கிளம்பும் இடத்திலேயே அதைக் குறைக்கிறது. விஆர் அதைத் தொடுவதில்லை. மூளைக்கு வந்து சேரும் செய்திக்குக் கிடைக்கும் கவனத்தைத்தான் குறைக்கிறது. வலியின் அளவு காயத்தை மட்டும் பொறுத்ததல்ல, வழியில் அது கூடவும் குறையவும் முடியும் என்பதை வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்ஸாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் 'கதவு' கோட்பாடாகச் சொன்னார்கள். விஆரை முதலில் வலிக்குப் பயன்படுத்தியவர்களான ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும் நேரத்தில், வலி மருந்துக்கு மேல் கூடுதலாகத்தான் அதைக் கொடுத்தார்கள். மருந்தை எடுத்துவிட்டு அல்ல.

எம்லா என்ற மரப்பு க்ரீமில் இரண்டு மரப்பு மருந்துகள்: லிடோகெய்ன் 2.5 சதவீதம், பிரிலோகெய்ன் 2.5 சதவீதம். தேய்க்கக் கூடாது. தடிமனாக வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் படலம் போட்டு 60 நிமிடம் விட வேண்டும். 20 நிமிடத்தில் எடுத்துவிட்டு 'இது வேலை செய்யவில்லை' என்று சொல்வதுதான் பல இடங்களில் நடக்கிறது. இன்னொன்று, எம்லா ரத்தக்குழாயைச் சுருக்கி தோலை வெளுக்கச் செய்யும். துடைத்த பின் 10 நிமிடம் விட்டால் சிரை (ரத்தம் எடுக்கும் குழாய்) மறுபடி எழும்பும். இன்னொரு மரப்பு மருந்தான 4 சதவீத அமெத்தோகெய்ன் ஜெல் கிடைத்தால் 30 முதல் 45 நிமிடம் போதும், சிரையும் சுருங்காது. காத்திருப்பைக் குறைக்க வழி, க்ரீமைப் பதிவு மேசையிலேயே இரண்டு முழங்கை மடிப்பிலும் தடவிவிடுவது. நேரமே இல்லை என்றால் குளிரூட்டும் ஸ்பிரே இருக்கிறது. ஆனால் சில்லென்று படுவதே சில சிறு குழந்தைகளை அலற வைக்கும்.

நீலமூடி

ரத்தம் எடுப்பவரின் பக்கத்திலிருந்து வரிசையைச் சொல்கிறேன்.

ஹெட்செட் மாட்டும் முன்பே சிரை பார்த்து முடித்திருக்க வேண்டும். இதுதான் அதிகம் தவறுவது. குழந்தை காட்சிக்குள் போன பிறகு இரண்டு கையையும் மாற்றி மாற்றித் தடவினால், அது நீங்கள் தொடும் ஒவ்வொரு முறையும் வெளியே வந்துவிடும். எனவே முதலில் இரண்டு கையையும் பாருங்கள், இடத்தைத் தீர்மானியுங்கள், கைக்கு அடியில் உறுதியான தலையணை வையுங்கள். ட்யூப்களை எடுக்கும் வரிசையில் அடுக்குங்கள்: கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) பாட்டில் இருந்தால் அது முதலில், பிறகு மூடியின் நிறப்படி நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். பட்டர்ஃப்ளை ஊசியில் (சிறகும் மெல்லிய குழாயும் உள்ள ஊசி) நீல ட்யூப்தான் முதல் என்றால், அந்தக் குழாயில் உள்ள காற்று உள்ளே போய் அது குறைவாக நிரம்பும். ஒரு வீண் ட்யூப்பை முன்னால் போட்டு எடுங்கள். இல்லையென்றால் உறைதல் பரிசோதனைக்கு இன்னொரு முறை குத்த நேரும்.

அதன் பிறகு ஹெட்செட். மாட்டியதும் டூர்னிக்கெட் (கையை இறுக்கும் பட்டை) கட்டிவிடாதீர்கள். 2 முதல் 3 நிமிடம் விடுங்கள். குழந்தை தானாகத் தலையைத் திருப்பித் தேட ஆரம்பிப்பதும், தோள் தளர்வதும், கேள்விக்குத் தாமதமாகப் பதில் வருவதும்தான் 'உள்ளே போய்விட்டது' என்பதன் அடையாளம். அப்போது டூர்னிக்கெட். ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டியிருக்கக் கூடாது. ஸ்பிரிட் துடைத்து முழுக்கக் காய விடுங்கள், 30 நொடி ஆகும். ஈரத்தோடு குத்தினால் எரியும், அந்த எரிச்சலை எந்தக் காட்சியும் மறைக்காது. 23 கேஜ் தடிமன் உள்ள பட்டர்ஃப்ளை பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும்.

எடுத்து முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றாதீர்கள். பஞ்சு அழுத்தி, பிளாஸ்திரி ஒட்டி, ட்யூப்களைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்த பிறகு, குழந்தையே கழற்றட்டும். நடுவில் பிடுங்கினால் அதன் கண்ணில் முதலில் படுவது ரத்தம் நிறைந்த ட்யூப்.

12 நிமிடத்தில் இது அடங்கும். சிரை பார்க்க 2, மாட்டிச் சரிசெய்ய 2, உள்ளே போக 3, எடுக்க 2, அழுத்த 2. மீதி ஒரு நிமிடம்தான். துடைத்துச் சுத்தம் செய்வது இந்தக் கணக்கில் இல்லை, அதனால்தான் இரண்டு ஹெட்செட் வேண்டும்.

விளையாட்டறை

நீலமூடியின் வரிசைக்கு முன்னால் இன்னொரு படி உண்டு: குழந்தைக்குச் சொல்வது. ஹெட்செட்டை மாட்டிவிட்டு, எதுவும் சொல்லாமல் குத்துவது ஏமாற்று. அந்த முறை வேலை செய்ததுபோல் தெரியும். அடுத்த முறை அதே குழந்தை ஹெட்செட்டைப் பார்த்தாலே ஓடும், ஏனென்றால் அது இப்போது ஊசியின் அடையாளம் ஆகிவிட்டது. வலிக்கவே வலிக்காது என்று சொல்லாதீர்கள். 'கையில் பட்டை கட்டுவோம், இறுக்கமாக இருக்கும். ஈரமாக, குளிராகத் துடைப்போம். பிறகு ஒரு குத்து, கொஞ்ச நேரம் அழுத்துவது போல இருக்கும். நீ கை மட்டும் அசைக்காமல் வைத்தால் போதும், மற்றதெல்லாம் நீ உள்ளே பார்க்கலாம்.' இவ்வளவு போதும். நிறுத்தச் சொல்ல ஒரு சைகை கொடுங்கள், மற்றொரு கையை உயர்த்துவது மாதிரி. உயர்த்தினால் உண்மையிலேயே நிறுத்த வேண்டும், ஊசி உள்ளே போகாத வரைக்கும்.

எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது என்பதையும் தாளில் எழுதுங்கள். சில குழந்தைகள் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அமைதியாக இருப்பார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் அவர்களுக்குப் பயம். அவர்கள் கண்ணை மூடினால் பதற்றம் கூடும். 'நீ பார்க்க விரும்புகிறாயா, வேறு எதையாவது பார்க்கிறாயா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். மறுத்த குழந்தையை வற்புறுத்தி மாட்டக் கூடாது.

நீலமூடி

முன்கூட்டிச் சொல்வதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குத்தும் நொடியில் 'இப்போ குத்தப்போறேன்' என்று சொன்னால் கை பின்னால் இழுக்கும். ஊசி நுனி சிரையின் மறுபக்கச் சுவரைக் கிழித்து, தோலுக்கடியில் ரத்தம் கட்டும். சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு.

விளையாட்டறை

சொல்லும் விதத்தில் இருக்கிறது. 'குத்தப்போறேன்' என்பது எச்சரிக்கை. எச்சரிக்கை கேட்டதும் உடல் தயாராகும், கை இழுக்கும். காட்சியோடு சேர்த்துச் சொன்னால் அதே செய்தி வேறு விதமாகப் போய்ச் சேரும். இதற்கென்றே செய்யப்பட்ட ஸ்மைலிஸ்கோப் நிரலில் துடைக்கும்போது கையில் அலை அடிக்கிறது, குத்தும்போது மீன்கள் கையைக் கடிக்கின்றன. தோலில் படுவதற்கு உள்ளே ஒரு விளக்கம் கிடைப்பதால் குழந்தை திடுக்கிடுவதில்லை. பொதுவான காட்சி ஓடினாலும் இதையே வாயால் செய்யலாம்: 'தண்ணீர் தெறிக்குது பார்', பிறகு 'மீன் வருது, கையை ஆடாமல் வை'. முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால் இது பொய் ஆகாது. குழந்தைக்கும் உங்களுக்கும் நடுவே பேசிவைத்த விளையாட்டு அது.

ஒருவர் மட்டும் பேசட்டும். அம்மா ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம், ரத்தம் எடுப்பவர் ஒரு பக்கம் பேசினால் காட்சியின் ஒலி எதுவும் காதில் ஏறாது.

நீலமூடி

சரி, இதை ஏற்கிறேன். ஒரு நிபந்தனை: பேசுபவரும் குத்துபவரும் வேறு ஆட்கள் என்றால், ஊசி தோலைத் தொடும் முன் கண்ணால் ஒரு சைகை செய்துகொள்ள வேண்டும். மீன் 5 நொடி முன்னால் வந்துவிட்டால் பயன் இல்லை.

தாதிமலர்

யார் எங்க நிக்கணும்னு கேட்டிருந்தீங்க. குழந்தையைப் படுக்க வச்சு நாலு பேர் அழுத்துறதை முதல்ல நிறுத்தணும். விஆர் போட்டும் அழுத்துனா, கண்ணும் தெரியாம உடம்பும் அசைக்க முடியாம குழந்தைக்குப் பயம் ரெட்டிப்பாகும்.

அம்மா மடியில் பக்கவாட்டில் உட்காரணும். அம்மாவின் ஒரு கை குழந்தையின் இடுப்பைச் சுத்தி, இன்னொரு கை குத்தாத கையைப் பிடிச்சு. நெஞ்சோடு நெஞ்சா உட்கார வைக்கிற முறை மத்த நேரத்தில் நல்லது, ஹெட்செட்டோட வேண்டாம். குழந்தை திரும்பும்போது ஹெட்செட் அம்மாவின் தாடையில் இடிக்கும், முன்பக்கக் கேமரா அம்மாவின் தோளில் மறைஞ்சு காட்சி நின்னுடும். ஏழெட்டு வயசுக்கு மேல சாய்வு நாற்காலி போதும்.

ஆள் கணக்கு: குத்துறவர் ஒருத்தர், ஹெட்செட்டும் பேச்சும் பார்க்க ஒருத்தர், பெற்றோர் ஒருத்தர். குத்துறவரே ஹெட்செட்டையும் பார்க்கிறதுன்னா கையுறையை மாத்திக்கிட்டே இருக்கணும்.

பெற்றோருக்கும் ரெண்டு வரி சொல்லணும். 'பயப்படாதே, ஒண்ணுமில்ல, ஐயோ பாவம்'னு திரும்பத் திரும்பச் சொன்னா குழந்தை பயப்பட ஏதோ இருக்குன்னுதான் எடுத்துக்கும். அதுக்குப் பதிலா 'என்ன பார்க்கிறே, எத்தனை மீன் வந்துச்சு'ன்னு கேட்கச் சொல்லுங்க. எங்கே பார்க்கிறதுன்னே தெரியாத பெற்றோருக்கு அதே காட்சியை டேப்லெட்டில் காட்டினா கேட்க வசதி.

லென்ஸ்துணி

டேப்லெட்டில் காட்டுவது பற்றி: மருத்துவமனை வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் வரும் என்றால் அது பாதியில் அறுந்துவிடும். ஹெட்செட்டுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும் ஒரு சிறு ரவுட்டர் வையுங்கள், இணையம் தேவையில்லை. காட்சிகள் எல்லாம் ஹெட்செட்டிலேயே பதிவிறக்கி இருக்க வேண்டும். தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்துங்கள், அல்லது இரவில் மட்டும் நடக்கும்படி வையுங்கள்.

பொது வேலைக்கான ஹெட்செட்டுகள் குழந்தையின் தலைக்குச் செய்யப்பட்டவை அல்ல. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டின் எடை 503 கிராம், அதில் பெரும்பகுதி முகத்தின் மேல். ஐந்து வயதுக் குழந்தையின் தலை முன்னால் கவிழும், குழந்தை கையால் தாங்கப் பார்க்கும், அது குத்த வேண்டிய கையாகவே இருக்கும். பின்பக்கம் எடை உள்ள கெட்டியான பட்டை மாட்டி, தலையைச் சற்றுச் சாய்த்து முட்டுக் கொடுத்தால் பாதி சரியாகும். அடுத்து, கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம். குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 மி.மீ. என்று மூன்றே நிலை. ஐந்து வயதில் அந்தத் தூரம் சுமார் 50 மி.மீ. தான். குறைந்த நிலையில் வைத்தாலும் ஓரங்கள் மங்கும். ஐந்தாறு நிமிடத்துக்குப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் பொருள்கள் முகத்துக்கு மிக அருகில் வரும் காட்சிகளைத் தவிருங்கள். இரண்டு மீட்டருக்கு அப்பால் நடப்பவை கண்ணுக்கு இதம்.

வயது விதியையும் பாருங்கள். மெட்டா தன் ஹெட்செட்டுக்கான குறைந்தபட்ச வயதை 2023-இல் 13-லிருந்து 10 ஆக்கியது. அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது பரிந்துரைக்கப்பட்ட கருவி அல்ல. 4 முதல் 9 வயதுக்கு அதைப் பயன்படுத்துவது என்றால் அது உங்கள் மருத்துவமனை எழுத்தில் எடுக்க வேண்டிய முடிவு. இல்லையேல் அந்த வயதுக்கென்றே அனுமதி பெற்ற கருவியை வாங்குங்கள்.

இரண்டு சின்ன விஷயம், ஆனால் தினமும் படுத்தும். லென்ஸ்களுக்கு நடுவே முகத்தை உணரும் சென்சார் இருக்கிறது. சிறு முகத்தில் நெற்றி அதன் அருகே வராது, திரை அணைந்துவிடும். அமைப்பில் அதை முடக்கி, ஒரே நிரல் மட்டும் ஓடும் பூட்டிய முறையில் வையுங்கள். எல்லைக்கோடு வரையும் வசதியை 'உட்கார்ந்த நிலை'க்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் குழந்தை சாயும்போது எல்லை தாண்டியதாக நினைத்துக் காட்சி மறைந்து அறை தெரியும், சரியாக ஊசி தெரியும் நேரத்தில்.

சேகரிப்பறை

விளையாட்டா, சும்மா பார்க்கும் காட்சியா? பெட்டியில் இரண்டும் இருக்கின்றன.

விளையாட்டறை

விளையாட்டு கவனத்தை அதிகம் பிடிக்கும், ஆனால் கையால் ஆடும் விளையாட்டு வேண்டாம். ஒரு கையில் பொத்தான் அழுத்தும்போது மற்ற கையும் சேர்ந்து இறுகும். தலையைத் திருப்பிப் பார்த்தாலே குறிவைக்கும் வகை சிறந்தது. அதிலும் இலக்குகள் முன்பக்கம் மட்டும் வர வேண்டும். பின்னால் வந்தால் உடம்பையே திருப்பும், தோள் திரும்பும், கை நகரும். குத்தாத கையின் பக்கமாகக் காட்சியின் நடுவை அமைத்துவிட்டால் முகம் இயல்பாகவே அந்தப் பக்கம் இருக்கும். குத்தும் ஓரிரு நொடிக்கு ஆட்டம் மெதுவாகும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

உருளும் ரயில், பறப்பது போன்றவற்றை நீக்குங்கள். உட்கார்ந்திருக்கும் உடம்புக்கும் ஓடும் கண்ணுக்கும் ஒத்துவராமல் குமட்டும். ஆறாத பசியோடு, வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு வந்த குழந்தைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

ஒலி பாதி அளவுக்கு மேல் வேண்டாம். காதை மூடாத ஒலிபெருக்கி வகைதான் நல்லது, உங்கள் குரல் கேட்க வேண்டும்.

மயக்கவியல்_க

எல்லோரும் விட்டுவிட்ட ஒன்று: ஹெட்செட் முகத்தை மறைக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசியின்போது மயக்கம் வருவது அரிதல்ல. முன்னறிகுறி முகம் வெளுப்பது, வியர்ப்பது, பார்வை மங்குவது. இதில் முதலும் கடைசியும் உங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. எனவே உதட்டின் நிறத்தைப் பாருங்கள், மேலுதட்டு வியர்வையைப் பாருங்கள், குழந்தை கேள்விக்குப் பதில் சொல்வது நின்றால் உடனே ஹெட்செட்டைத் தூக்குங்கள். முன்பு மயங்கியதாகச் சொன்ன பிள்ளைக்கு எடுக்கும் முன்பே படுக்க வையுங்கள். அப்படிப் படுத்தால் காட்சியின் தளத்தை மறுபடி நேர்செய்ய வேண்டும், இல்லையேல் மேற்கூரைதான் தெரியும்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விஆரை விடத் தசையை இறுக்கும் பயிற்சி மேல்: குத்தாத கை, தொடை, வயிறு ஆகியவற்றை 10 முதல் 15 நொடி இறுக்கி, முகத்தில் சூடு தெரிந்ததும் தளர்த்தி, அரை நிமிடம் விட்டு மறுபடி. இதில் கவனம் உடம்பின் மேல் இருக்க வேண்டும். காட்சிக்குள் இழுக்கும் விஆர் இதற்கு நேர் எதிர்.

போடக் கூடாதவர்கள்: வலிப்பு நோய் உள்ளவர்கள், குறிப்பாக மின்னும் ஒளியால் வருவது, புதிதாகத் தலையில் அடிபட்டவர்கள், வாந்தி, தலைசுற்றல் உள்ளவர்கள், கண்ணில் அல்லது முகத்தில் தொற்றோ காயமோ உள்ளவர்கள், தனிமைப்படுத்த வேண்டிய தொற்று உள்ளவர்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் எதுவும் யாருக்குமே வேண்டாம்.

தரவுமுதலில்

ஆர்வத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். சிரையில் ஊசி குத்துவதற்கென்றே நடந்த ஆய்வுகளில் இரண்டு முக்கியம். லாஸ் ஏஞ்சல்ஸில் கோல்டும் மாரரும் 2018-இல் வெளியிட்டது, 10 முதல் 21 வயது வரை 143 பேர், வழக்கமான முறையை விட வலியும் பதற்றமும் குறைந்தன. மெல்போர்னில் சான் குழுவினர் 2019-இல் வெளியிட்டது, 4 முதல் 11 வயது வரை 250-க்கும் மேற்பட்ட குழந்தைகள், அவசரப் பிரிவிலும் ரத்தப் பரிசோதனைப் பிரிவிலும் தனித்தனியாக. அதிலும் பலன் விஆர் பக்கம்.

ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, ஊசி மட்டுமின்றிப் பல வகை வலிக்கும் சேர்த்து 17 ஆய்வுகள், 1008 குழந்தைகளைப் பார்த்துவிட்டு, சான்றின் உறுதி குறைவு அல்லது மிகக் குறைவு என்றே சொன்னது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. ஹெட்செட் மாட்டியவருக்கு அது தெரியும், மறைக்க வழியில்லை. 'எவ்வளவு வலித்தது' என்ற பதிலில் புதுப்பொருளின் மகிழ்ச்சியும் கலக்கும். டேப்லெட், குமிழி ஊதுவது போன்ற மலிவான வழிகளோடு ஒப்பிட்டால் இடைவெளி சுருங்கலாம். நான்கு வயதுக்குக் கீழ் விஆர் என்ற பேச்சே இல்லை, அங்கே குமிழியும் டேப்லெட்டும்தான். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால், அல்லது 24 சதவீதச் சர்க்கரைக் கரைசல் சில துளி, குத்துவதற்கு 2 நிமிடம் முன்னால் நாக்கில்.

உங்கள் அறையில் பலன் இருக்கிறதா என்று தெரிய அளந்து பாருங்கள். ஆறு முகப் படங்கள் உள்ள வலி அளவுகோல் 4 வயதுக்கு மேல். பயத்தைத் தனியாகக் கேளுங்கள், 0 முதல் 4 வரை ஐந்து முகப் படம் அதற்கென்றே இருக்கிறது. வலியும் பயமும் ஒன்றல்ல, விஆர் பெரும்பாலும் பயத்தைத்தான் முதலில் இறக்கும். குழந்தையைக் கேட்காமல் பார்த்தே வலியை மதிப்பிடும் ஃப்ளாக் முறையில் முகத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஹெட்செட் முகத்தை மறைப்பதால் விஆர் குழுவின் மதிப்பெண் போலியாகக் குறையும். அதைப் பயன்படுத்தாதீர்கள்.

நீலமூடி

அளவுகோலோடு இன்னொன்றும் குறித்து வையுங்கள்: முதல் குத்திலேயே கிடைத்ததா, மாதிரி உடைந்து வந்ததா. திமிறும் கையில் ரத்தம் மெதுவாக, நுரைத்து வரும், சிவப்பணு உடையும், பொட்டாசியம் பொய்யாக ஏறும், ஆய்வகம் திருப்பி அனுப்பும், குழந்தைக்கு இரண்டாவது ஊசி. கை அசையாமல் இருந்ததால் தவிர்க்கப்பட்ட இரண்டாவது ஊசிதான் இந்த ஹெட்செட்டின் உண்மையான கணக்கு. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலக் கூடாது என்ற விதி விஆர் இருந்தாலும் மாறாது. 'பிள்ளை அமைதியாகத்தானே இருக்கு' என்று மூன்றாவது முறை தேடுவதற்கு அது சாக்காகிவிடக் கூடாது.

தாதிமலர்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பத்தி யாரும் சொல்லலையே. தலையில் எதையும் மாட்டவே விடாத பிள்ளைக்கு அன்னைக்கே புதுசா மாட்டாதீங்க. ரெண்டு மூணு நாள் முன்னால் வீட்டிலேயே நீச்சல் கண்ணாடியோ அட்டைப்பெட்டியோ வச்சுப் பழக்கச் சொல்லலாம். அதுவும் ஒத்துவரலைன்னா அதுக்குப் பிடிச்ச பொருளையே கையில் கொடுத்து எடுக்கிறதுதான் நல்லது.

சேகரிப்பறை

மிகவும் பயனுள்ள விவரங்கள், எல்லோருக்கும் நன்றி. கடைசியாகச் சுத்தம் செய்வது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதுமா? பேன் பிரச்சினைக்கு என்ன செய்வது?

லென்ஸ்துணி

லென்ஸில் ஸ்பிரிட் படவே கூடாது, மேற்பூச்சு பனி படிந்ததுபோல் ஆகிவிடும், திரும்பாது. லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். முகத்தில் படும் ஸ்பாஞ்சைக் கழற்றிவிட்டு சிலிகான் உறை போடுங்கள், ஸ்பாஞ்ச் வியர்வையை உறிஞ்சும், அதைத் தொற்று நீக்க முடியாது. சிலிகானையும் பட்டையையும் ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினித் துடைப்பானால் துடைத்து, அதன் உறையில் எழுதிய நேரம் வரை ஈரமாகவே விடுங்கள். உடனே காயத் துடைத்தால் கிருமி சாகாது. ஒவ்வொரு குழந்தைக்கும் புதிய காகித முகவுறை. பேனுக்கு, அறுவை அரங்கில் போடும் ஒருமுறைத் தொப்பியைத் தலையில் போட்டு அதன் மேல் பட்டை. துணிப்பட்டை வேண்டாம். ரத்தம் தெறித்தால் சிலிகான் உறையைக் கழற்றித் தனியாகத் தொற்று நீக்குங்கள். ஸ்பாஞ்ச் இருந்தால் அதைக் குப்பையில் போடுங்கள்.

சார்ஜ் போடும் இடம் ஜன்னலோரம் வேண்டாம். லென்ஸ் வழியாக வெயில் விழுந்தால் பூதக்கண்ணாடி போலக் குவிந்து திரையில் பொட்டு எரியும்.